மேற்கோள் தேவைப்படும் ஒரு வாக்கியம்

இன்று ஆகஸ்ட் ஐந்தாம் திகதி, புதன்கிழமை. எனக்கு எழுபத்தொன்பது வயதும் ஐந்து மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன. உங்களுடைய பிறந்த ஆண்டு இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு மாதத்திற்குள் மூன்று தடவை மாறிவிட்டது. உங்கள் மனைவி என்னுடையதையாவது ஒருவர் சரியாக எழுதிவைக்கட்டும்.

காலைத் தேநீரை வாயில் வைக்கும் முன்பே கைபேசி கிணுங்கியது: ‘உங்கள் தொகுப்பு நீக்கப்பட்டுள்ளது.’ சில வாரங்களாக என் காலை இந்தச் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. கண்ணாடியைத் தேடுவதற்குள் தேநீரை மறந்துவிடுகிறேன். முதுமை மறதி என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது முதுமை அல்ல. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைத் திருப்பும்போது பல்கலைக்கழகத்தில் எனக்கு வந்த அதே பரபரப்பு.

யாரோ ஒருவர் உங்களைப் பற்றி அங்கே ஒரு கட்டுரை தொடங்கியிருக்கிறார். ‘இலங்கையின் கிழக்குக் கரையைச் சேர்ந்த மேடைப் பாடகர்’ என்று முதல் வரி. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அந்த வரியை அச்செடுத்துச் சட்டம் போட்டிருப்பீர்கள். அந்த இடத்தின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே எவரும் எழுதலாம், எவரும் அழிக்கலாம்; அப்படிச் செய்யும் திருத்தத்துக்குத்தான் ‘தொகுப்பு’ என்று பெயர். எழுதுவதற்கு அச்சில் வந்த சான்று வேண்டும். சான்று இல்லாவிட்டால் வாக்கியத்தின் வாலில் ‘மேற்கோள் தேவை’ என்று ஒட்டிவிடுவார்கள். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளின் கட்டுரைகளில் நான் செய்த அதே வேலை. ஆகவே ‘சிவப்பு மை’ என்ற பெயரில் நானும் நுழைந்தேன். நான் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

முதற் சண்டை உங்கள் ஊரைப் பற்றியது. சாய்ந்தமருதுக்காரர் ஒருவரும் கல்முனைக்காரர் ஒருவரும் உங்களை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு. சண்டை பிடிப்பதற்கென்றே ஒதுக்கிய இடம்.

“எங்கட ஊர்ல பொறந்த மனிசன். நீங்க மாப்பிளையத்தான் எடுத்த, தொண்டையையும் சேர்த்தா எடுத்த?” என்று எழுதினார் சாய்ந்தமருதுக்காரர்.

“நாப்பத்தாறு வருஷமா அந்தத் தொண்டைக்கு முட்டைக்கோப்பி ஊத்தின ஆரு? எங்கட ஊர்தானே!” என்றார் மற்றவர்.

ஊற்றியது ஊர் அல்ல, நான். ஆனால் அதற்கும் மேற்கோள் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

இடையில் அந்தக் கலைக்களஞ்சியத்தின் நிருவாகி ஒருவர் வந்தார். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறாரோ தெரியாது. நம் கரையை அறியாதவர் என்பது மட்டும் உடனே தெரிந்தது. கலியாணம் முடித்து நீங்கள் என் வீட்டுக்குக் குடிவந்ததை அவர் எழுத்துப் பிழை என்று முடிவுகட்டி, ‘மனைவியைக் கல்முனைக்கு அழைத்து வந்து குடியேறினார்’ என்று திருத்திவிட்டார். என்னையா? என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டுக்கு என்னை அழைத்து வந்தீர்களாம்! பெட்டியும் ஆர்மோனியமுமாக வாசலில் வந்து நின்றது நீங்கள். “எங்க வெக்கிற புள்ள இத?” என்று ஆர்மோனியத்தைக் காட்டி என்னிடம் இடம் கேட்டதும் நீங்கள். ஐந்து நிமிடத்தில் அவருடைய திருத்தத்தை நீக்கி, எங்கள் பகுதியில் ஆண்தான் வீடு மாறுவான் என்பதற்கு இரண்டு ஆய்வு நூல்களைப் பக்க எண்ணுடன் கொடுத்தேன். ‘நன்றி ஐயா’ என்று பதில் வந்தது.

அந்த மகிழ்ச்சியில் அடுப்பை மறந்துவிட்டேன்.

“உம்மா, சோறு அடிப்புடிச்சிட்டு! ஆரோட இப்பிடி மல்லுக்கட்டுற நீங்க?” என்று மகள் உள்ளிருந்து கத்தினாள்.

“உன்ட வாப்பாட விசயமாத்தான்.”

“வாப்பா மௌத்தாகி ஒன்பது வருஷம். அவரை இன்னும் வெல்லுறத்துக்கா பாக்கிற?”

ஓம் என்றேன்.

ஊர்ச் சண்டை ஒருவாறு தீர்ந்தது: பிறப்பு சாய்ந்தமருது, வாழ்வு கல்முனை. அதன் பிறகுதான் உண்மையான போர் தொடங்கியது. ‘மேடையை விட்டு விலகினார்’ என்ற வாக்கியத்திற்குக் காரணம் எழுத வேண்டும். மார்க்கப் பற்றினால் தாமாகவே விட்டார் என்றார் ஒருவர். தொண்டை நோய் என்றார் இன்னொருவர். சுனாமி கொண்டுபோன தம்பியை நினைத்த துயரத்தால் என்று மூன்றாமவர். காலையில் ஒரு காரணம், மதியம் ளுஹர் தொழுகைக்கு ஒரு காரணம், பின்னேரம் அஸருக்கு ஒரு காரணம். மூன்றையும் நான் அழித்தேன். மூன்றுக்கும் சான்று இல்லை. என் வாழ்க்கையில் இத்தனை சுறுசுறுப்பாக நான் இருந்ததே இல்லை.

போன வெள்ளிக்கிழமை அந்த நிருவாகியே ஒரு காரணத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவரிடம் சான்று இருந்தது. நீங்கள் மௌத்தாவதற்கு முந்திய வருடம் ஒரு சிற்றிதழுக்குக் கொடுத்த பேட்டி. அதில் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்: “நான் பாட்ட விடல்ல. ஊர்தான் என்ன மறந்திட்டு.” இப்போது கட்டுரையில் இருக்கும் வாக்கியம் இதுதான்: ‘சொந்த ஊரார் அழைப்பதை நிறுத்தியதால் மேடையை விட்டு விலகினார்.’ வாலில் மேற்கோள் எண். சட்டப்படி அசைக்க முடியாது.

இரண்டு ஊர்க்காரர்களும் பகையை மறந்து ஒன்றாய்க் கூடிவிட்டார்கள். “எங்கட சனம் அப்பிடி மறக்கிற சனமில்ல” என்று இவர் எழுத, “அதானே காக்கா, நல்லாச் செல்லுங்க” என்று அண்ணன் முறை வைத்து அவர் ஒத்தூத, நிருவாகி இருவருக்கும் ஒரே பதிலைக் கொடுத்தார்: மேற்கோள் தேவை. நேற்று நானும் அந்த வாக்கியத்தை அழித்தேன். அதுதான் இன்று காலை திரும்ப வந்து நிற்கிறது. கூடவே எனக்கு ஓர் எச்சரிக்கை: சான்றுள்ள வாக்கியத்தை இனி அழித்தால் ‘சிவப்பு மை’ தடைசெய்யப்படும்.

அந்த வாக்கியம் அங்கே நிற்கக் கூடாது. நம் பேரப்பிள்ளைகள் உங்களைத் தேடினால் அதைத்தான் படிப்பார்கள்: பாட வந்தவனை ஊர் கைவிட்டது என்று. அது பொய். அது பொய்யென்று தெரிந்தவர்களில் எழுத்தில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். மனைவி சொன்னால் அங்கே சான்றாகாது. அச்சில் வந்தால் ஆகும். வேடிக்கையான சட்டம். ஆகவே இம்மடலை அதே சிற்றிதழுக்கு அனுப்புகிறேன். ஆசிரியர் வரும் இதழில் போடச் சம்மதித்துவிட்டார். பக்க எண் கிடைத்ததும் கட்டுரையில் நானே சேர்ப்பேன்.

உங்கள் கடைசி மேடை நினைவிருக்கிறதா? ஊர் விழா, பாடசாலை மைதானம், கச்சான் காற்று, பந்தல் படபடவென்று அடித்துக்கொள்கிறது. இரண்டாவது பாட்டின் மேல்ஸ்தாயியில் உங்கள் குரல் உடைந்தது. முன்வரிசை இளவட்டங்கள் “இன்னொருக்கா! இன்னொருக்கா!” என்று கத்தினார்கள். கேலி அது. நீங்கள் அதை வேண்டுகோளாக எடுத்துக்கொண்டு அதே அடியை மறுபடியும் பாடினீர்கள். மறுபடியும் உடைந்தது. மறுபடியும் கத்தினார்கள். மூன்றாம் முறையும் பாடினீர்கள். பெண்கள் பக்கத்தில் நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மஃரிப் தொழுகைக்கு முன் ஆட்டோவில் திரும்பும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “பாத்தயா புள்ள, மூணு தரம் கேட்டானுகள்!”

நான் ஓம் என்றேன்.

அடுத்த வருடம் விழாவுக்கு உங்களைக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். நீங்கள் சவளக்கடை வயலில் நின்றீர்கள். வீடு என்னுடையது, வாசலும் என்னுடையது. “அவர் பாட்ட விட்டுட்டார். அவர்ட்ட போய்க் கேட்டு மனச நோகடிக்க வேணாம்” என்றேன். நம் ஊரில் வீட்டுக்காரி வாசலில் வைத்துச் சொன்ன சொல்லைத் தாண்டி எவரும் வயலுக்குப் போய்க் கேட்பதில்லை. அந்த மரியாதைதான் எனக்கு உதவியது. அவர்கள் ஏழு வருடம் வந்தார்கள். ஏழு வருடமும் நீங்கள் மேடைக்குப் போடும் வெள்ளைக் கோட்டை மடிப்புக் கலையாமல் அழுத்திவைத்துவிட்டு, “கேட்டுப் போறவன் பாடகனில்ல” என்று முறுக்கிக்கொண்டு இருந்தீர்கள். முதல் வருடம் செய்தது உங்களுக்காக. மற்ற ஆறு வருடமும் செய்தது முதல் வருடத்தை மறைப்பதற்காக. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. உங்களுக்கு அது தெரியும். சான்று தருகிறேன், அவ்வளவுதான்.

ஏழாவது வருடம் வந்தவர்களில் ஒரு முதியவர் சொன்னார்: “பாடாட்டிப் பரவால்ல டீச்சர். மேடையில வந்து சும்மா இருந்தாக் காணும். ஒரு பொன்னாட போர்த்தோணும், அவ்வளவுதான்.” அதற்கும் நான், அவர் வரமாட்டார் என்றேன். ஆனால் அன்று நீங்கள் வயலில் இல்லை. பின்வளவுக் கிணற்றடியில் குளித்துக்கொண்டு, அந்த மேடையில் உடைந்த அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தீர்கள். என் பொய் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முதியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நீங்கள் கடைசி அடியைப் பாடி முடித்து வாளியைக் கீழே வைக்கும்வரை மூவரும் என் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.