ஐந்து மணிக்கு வெளியே போகும் கார்

அன்புள்ள அக்கா,

டீ வடிகட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே போர்டிகோவிலிருந்து பெட்ரோல் வாசனை படியேறி வருகிறது. மணி ஐந்து. மாமா காரைக் கிளப்பிவிட்டார். அந்த வாசனை வந்தாலே நீங்கள் கேட்டருகே நிற்பதாகத்தான் மனசு நினைத்துக்கொள்கிறது.

முதுநகரில் உங்கள் வீட்டு மாடிக்கு நாங்கள் குடிவந்தபோது என் மகனுக்கு எட்டு வயது. பள்ளி விட்டால் செல்போன், செல்போன் விட்டால் தூக்கம். மாடிப்படி ஏறுவதற்குள் இழுத்து இழுத்து மூச்சு விடுவான். எடை ஜாஸ்தி, தினமும் வேர்க்க வேர்க்க விளையாட விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே விடுவது? தெருவில் லாரி, வாசலில் மாமாவின் கார்.

உங்களிடம் சொல்லி அழுதேன். அன்றைக்கே மாமாவைக் கூப்பிட்டீர்கள்.

"காரை எடுத்து கோயில் மதிலோரம் போடுங்க. புள்ளைங்க ஆடட்டும்."

"வெயில்ல பெயிண்ட் போயிடும்டி."

"போனா அடிச்சிக்கலாம். இந்தப் புள்ளைக்கு மூச்சு வாங்குது, அதுக்கு இன்னாத்த அடிக்கிறது?"

மாமா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் எடுத்தார். நீங்கள் பஸ் கண்டக்டர் மாதிரி கேட்டருகே நின்று, "வரட்டும்... வரட்டும்... ஹோல்டான்!" என்றீர்கள். தெருப் பிள்ளைகள் அத்தனையும் உள்ளே வந்தன. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீங்களும் ஓடிப்பிடிக்கக் கிளம்பிவிட்டீர்கள். என் மகன் கொஞ்ச நேரத்தில் படியில் உட்கார்ந்தான். "உக்காந்தா அவுட்டு!" என்றீர்கள். உங்கள் போர்டிகோவில் மட்டுமே இருந்த சட்டம் அது.

ஒருநாள் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான். "போதும்க்கா, மேல அனுப்புங்க" என்று நான் பதறி வந்தேன். "முட்டி தேஞ்சா தோல் வளரும்டி. நீ போயி டீ போடு." எனக்குக் கோபம்தான். ஆனாலும் டீ போட்டேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பிள்ளைகள் பந்தோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. இனி இவன் செல்போனுக்கே திரும்பிவிடுவான் என்று மாடியில் நின்று பயந்தேன். மாமாவிடம் யார் கேட்பது? அவர் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போனார். கார் சாவியோடு வந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பின்னாடி யாரும்மா பாக்கிறது?"

போன ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரையில் என்னைத் துரத்திப் பிடிக்கச் சொல்லி ஓடினான் அக்கா. மணலில் அவ்வளவு தூரம் ஓடியும் அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது. முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, உக்காந்தா அவுட்டு!"

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. என் பிள்ளையின் மூச்சை நீங்கள்தான் மீட்டுக் கொடுத்தீர்கள். இருக்கும்போது இதை உங்களிடம் சொல்லியிருந்தால், போடி வேலையைப் பாரு என்றிருப்பீர்கள்.

மாமா ஹாரன் அடிக்கிறார். டீயை மூடி வைத்துவிட்டு இறங்குகிறேன். நீங்கள் நின்ற இடத்தில் நின்றுகொண்டு உங்களைப் போலவே கையை ஆட்டுகிறேன்.

"வரட்டும் மாமா... வரட்டும்... ஹோல்டான்!"