ஓலைத்திரைக்கு அந்தப் பக்கம் ஒரு வாசகர்

சவாயித் தீவு,
செப்டம்பர் தொடக்கம்

அன்புள்ள செமிசி,

இங்கே எல்லாரும் நலம். ஆக்லாந்துக் குளிரில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. பிஸ்கட் முழுக்கப் பொடியாகிவிட்டது. உன் வாழ்க்கைக் கதைப் புத்தகத்தின் மூன்று பிரதிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. “பத்திரிகைக்காரர்கள் சொன்னது எனக்கு வேண்டாம், வாசித்தபின் நம் ஊர் என்ன சொல்கிறது என்று ஒளிக்காமல் எழுது” என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே, வேறு பேனாவால், “அப்பா?” என்று ஒரே சொல். குழந்தைகளின் வெள்ளை ஞாயிறுப் பண்டிகைக்கு ஊருக்கு வருவதா வேண்டாமா என்பதை என் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வாய் என்றும் எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூட வாசகசாலையின் சாவியை வைத்திருப்பதைத் தவிர வேறு பொறுப்பு இல்லாத என்மேல் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றலாமா? போனில் கேட்காதது நல்லது. கேட்டிருந்தால் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் எனக்குப் பதிலாகப் பேசியிருப்பார்கள்.

முதலில் சுலபமானவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிரதியைப் போதகரின் மனைவி வாங்கிப் போனார். “நகைச்சுவைக்காரன் வாழ்க்கையில படிக்கறதுக்கு என்ன இருக்கப்போகுது, சும்மா புரட்டிப் பார்த்துட்டுத் தந்துடறேன்” என்றார். இன்னும் தரவில்லை. போன ஞாயிறு பிரசங்கத்தில் போதகரே உன் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியத்தைச் சொன்னார், யார் எழுதியது என்று சொல்லாமல்.

இரண்டாவது பிரதி பஸ்காரர் பெனியிடம் இருக்கிறது. அவருடைய பஸ்ஸின் கதவு ஓடுகிறபோதே கழன்று விழுந்ததையும், பயணிகள் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்ததையும் எழுதியிருக்கிறாய் அல்லவா? கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ அந்தப் பக்கத்தை விரித்து முன்கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறார். ஏறுகிறவர்களிடமெல்லாம், “பார்த்தியா, நான் புத்தகத்துல இருக்கேன். நீ இருக்கியா? போய் உட்காரு” என்கிறார். ஒரே ஒரு குறைதான். பஸ்ஸின் நிறத்தை நீ தவறாக எழுதிவிட்டாயாம்.

மூன்றாவது பிரதிக்குத்தான் கூட்டம். நீ ஆங்கிலத்தில் எழுதிவிட்டாய். பெண்கள் பாய் முடைகிற வீட்டுக்கு என்னைப் பிடித்துக்கொண்டு போய் நடுவில் உட்காரவைத்து, “நம்ம பேச்சுல சொல்லிச் சொல்லிப் படி” என்றார்கள். மத்தியானம்தோறும் வாசித்தேன். சுலியா அத்தை வீட்டில் சேம்பிலைக்குள் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்டது கடல் தண்ணீர் மாதிரி உப்பாக இருந்ததென்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை வாசித்ததும் அத்தை முடைவதை நிறுத்திவிட்டார். “மூணு தரம் வாங்கித் தின்னுட்டு இப்ப உப்பாம்! வரட்டும். உப்பே போடாம வெச்சுக் கொடுக்கறேன், அழுதுகிட்டே தின்னட்டும்.” மற்றவர்கள் சிரித்ததில் பாயின் ஓரம் கோணலாகிவிட்டது. அடுத்த நாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவரும் அத்தைதான்.

என் கருத்தையும் கேட்டிருக்கிறாய். மேடை மேடையாக ஆக்லாந்தில் நீ அலைந்த நடுப்பகுதி நீளம். எல்லா மேடையும் ஒரே மேடை மாதிரி இருக்கிறது. காலி அரங்கில் தரை துடைக்கிறவரைச் சிரிக்கவைக்கப் பாடுபட்ட இடம் மட்டும் எந்த நல்ல புத்தகத்திலும் இருக்கத் தகுந்தது. நீ ஊரைக் கேலி செய்து பிழைப்பதாக அங்கே ஒரு விமர்சகர் எழுதியதை வாசித்தேன். கேலி செய்கிறவனுக்கு இத்தனை பேருடைய நடை ஞாபகம் இருக்காது என்று அவருக்குத் தெரியவில்லை.

என்னைப் பற்றிய அரைப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கவில்லை. “ஏண்டி ரெண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினே?” என்றார் சுலியா அத்தை. ஒட்டிக்கொண்டிருந்தது என்றேன்.

இனி உன் அப்பா.

பாய் முடைகிற வீட்டுக்கு அடுத்தது உங்கள் வீடு என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் நான் வாய் திறந்ததும் எங்கள் பக்கம் சுவருக்குப் பதிலாகத் தொங்குகிற ஓலைத்திரைகளை எல்லாம் அவர் இறக்கிவிட்டார். இறக்கிவிட்டு அதற்குப் பின்னாலேயே உட்கார்ந்து தேங்காய் நார்க் கயிறு திரிக்க ஆரம்பித்தார். அவருடைய வழக்கமான இடம் கடல் பக்கம், உனக்கே தெரியும். இரண்டாம் நாள் திரை ஒரு முழம் மேலே ஏறியிருந்தது. அதற்கடுத்த நாள் அவருடைய முட்டி தெரிந்தது. நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். “ஏன் கத்தறே, நாங்க செவிடா?” என்று யாரோ கேட்டார்கள். சுலியா அத்தை கேட்டவரைக் கிள்ளினார்.

உன் அப்பா கடைக்குப் போயிருந்தபோது அத்தை அந்தக் கயிற்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். “இங்க பாரு, இறுக்கமா இருக்கு. இந்த ரெண்டு இடத்துல சிரிப்புல கை தளர்ந்து தொளதொளன்னு கிடக்கு. இது பஸ் கதவு விழுந்த இடம். இது அவன் கப்பல்ல வாந்தியெடுத்த இடம்.” உன் புத்தகத்துக்கு இதைவிட நேர்மையான விமர்சனம் எங்கும் வராது.

ஆனால் அவரைப் பற்றிய அத்தியாயத்தை வாசிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டேன். வெளியூர் விருந்தாளிகளுக்கு முன்னால், ஊருக்காகப் பேசும் பேச்சுத்தலைவராகத் தடியை ஊன்றி, ஈயோட்டியைத் தோளில் போட்டு நின்ற உன் அப்பா, வரவேற்புப் பேச்சை மறந்து மூன்று தடவை முதலிலிருந்து தொடங்கியதை எழுதியிருக்கிறாய். ஊர் சிரித்த சிரிப்பைக் கேட்டதும் உனக்கு இதுதான் தொழில் என்று தோன்றியதாம். அன்று முழுவதும் அவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை என்று முடித்திருக்கிறாய். அழகான அத்தியாயம். ஆனால் பேச்சே வாழ்க்கையான ஒரு பேச்சுத்தலைவரைப் பற்றி அச்சில் வரக்கூடிய மோசமான செய்தியும் அதுதான். வாசித்து முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் எழுந்து போகிற சத்தம் கேட்டது. மறுநாள் அவர் வரவில்லை. கயிறு அப்படியே கிடந்தது.

இதற்கிடையில் பெருந்தலைவர் ஸவேலியோ, கோவிலில் அவர் குறட்டை விட்டதை நீ எழுதியதற்காக ஊர்ச்சபையில் முறையிட்டிருக்கிறார். வரும் சனிக்கிழமை விசாரணை. நீ ஊருக்குள் கால் வைக்கக்கூடாது என்று தீர்ப்பாகலாம் என்கிறார்கள். நீ இல்லாததால் குடும்பத்துக்குப் பெரியவராக உன் அப்பாதான் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அவர் உன்னைக் கைவிட்டுப் பேசினால் அதோடு முடிந்தது. நீ இறையியல் கல்லூரியை விட்டுவிட்டு மேடை ஏறியதிலிருந்து உன்னோடு பேசாதவர் அவர். என்ன சொல்வார் என்று உன் தங்கை மெலேக்கே தெரியவில்லை. “சாப்பிடறார், தூங்கறார், தனியா முணுமுணுக்கறார்” என்கிறாள்.

டிக்கெட் எடுக்காதே. அடுத்த கடிதம் வரை பொறு.

கடவுள் எல்லாரையும் காக்கட்டும்.

லாங்கி


சவாயி,
திங்கட்கிழமை

அன்புள்ள செமிசி,

இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

சபை வீட்டுக்கும் சுவர் கிடையாது என்பது பெண்களுக்கு எப்போதும் வசதி. சனிக்கிழமை காலை நாங்கள் எல்லாரும் பாய்களைத் தூக்கிக்கொண்டு போய், “நிழல் நல்லாயிருக்கு” என்று சொல்லிப் பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்தோம். சபை தொடங்குமுன் குடிக்கிற காவாப் பானம் முடிந்ததும் ஸவேலியோ பேசினார். கோபமாகத்தான் தொடங்கினார், ஆனால் வாதத்தில் பிழை இல்லை.

“பேய்வீட்டு ஆட்டத்துல பேய் பிடிச்ச மாதிரி ஆடி என்னை எத்தனை தரம் கிண்டல் பண்ணியிருக்காங்க. நான் கோவிச்சுக்கிட்டது உண்டா? ஏன் கோவிச்சுக்கல? பேசறது ஆடறவன் இல்ல, அவன் மேல இருக்கற பேய். ஆட்டம் முடிஞ்சா பேயும் போயிடும், பேச்சும் போயிடும். இந்தப் புத்தகத்துல எந்தப் பேய் இருக்கு? அட்டையில செமிசின்னு பேரு. பல்லைக் காட்டிக்கிட்டு போட்டோ வேற!”

தலைகள் ஆடின. இத்தனை புத்தகம் வாசித்தவள் நான். ஒருவர் எழுதுவதற்கும் ஆடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாக எங்கும் வாசித்ததில்லை.

உன் அப்பா எழுந்தார். தடியை ஊன்றினார். ஈயோட்டியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். கடலையும் மலையையும் இறந்துபோன தலைவர்களையும் முறைப்படி வணங்கினார். பிறகு நின்றுவிட்டார். ஒரு சொல் வரவில்லை. மறுபடியும் மறந்துவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சுலியா அத்தையின் நகம் என் கையில் பதிந்தது. மெலே கண்ணை மூடிக்கொண்டாள்.

“அந்தப் புத்தகம் பொய் சொல்லுது” என்றார்.

அவ்வளவுதான், கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

“நான் பேச்சை மறந்துட்டேன்னு எழுதியிருக்கான். இந்த லமேகோ இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை மறந்ததில்ல. அன்னிக்கு என்ன நடந்ததுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும், ஏன்னா உங்க எல்லாருக்கும் முதுகு அந்தப் பக்கம். விருந்தாளிங்களுக்குப் பின்னால இந்தப் பய நின்னுக்கிட்டிருந்தான். தோள்ல விளக்குமாறு. என்னை மாதிரியே வயித்தைத் தள்ளிக்கிட்டு, என்னை மாதிரியே கனைச்சுக்கிட்டு, நான் வாயைத் திறந்தா அவனும் திறக்கறான். நான் என்ன பண்ண முடியும்? பேச்சு நடுவுல பேச்சுத்தலைவன் சிரிச்சா தடியைக் கீழ வெச்சுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சிரிப்பு முட்டிக்கிட்டு வந்தப்பல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். மூணு தரம்!”

அப்புறம் செய்து காட்டினார், செமிசி. உன் அப்பா, ஊர்ச்சபையின் நடுவில், அவரைப் போலச் செய்த உன்னைப் போலச் செய்து காட்டினார். தடி விளக்குமாறாகிவிட்டது. வயிறு முன்னால் வந்தது. உன்னுடைய அந்தக் கள்ள முழியை இந்த வயதில் அவர் முகத்தில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. நீ இந்தத் தொழிலை எங்கிருந்து கற்றாய் என்று புத்தகத்தில் மூன்று அத்தியாயம் யோசித்திருக்கிறாய். அங்கே நின்றிருந்தால் மூன்று நிமிடத்தில் தெரிந்திருக்கும். சபையில் ஒரு தலைவர் சிரித்துச் சிரித்துக் காவாக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் உன் அப்பா கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: “அன்னிக்குப் பூரா அப்பா என் முகத்தைப் பார்க்கலைன்னு முடிச்சிருக்கான். எப்படிப் பார்க்கறது? பார்த்திருந்தா சிரிச்சிருப்பேனே.”

மரத்தடியில் சுலியா அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, “தூசி” என்றார்.

அடுத்துப் பேசியவர் ஸவேலியோதான். “அது சரி, லமேகோ. என் குறட்டை? அதுக்கு என்ன சொல்றே?” உன் அப்பா தடியில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக் குறட்டை விட்டார். ஸவேலியோ வாயைப் பிளந்து கேட்டார். “அப்படியா இருக்கும்?” எங்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவி, “இதைவிட மோசம்!” என்று கத்தினார். அதற்குமேல் யார் விசாரிப்பது?

ஆனாலும் தீர்ப்பு உண்டு. நன்றாகக் கேட்டுக்கொள். பேய் இல்லாமல் எழுதியது குற்றம்தான் என்று சபை சொல்லிவிட்டது. ஆகவே வெள்ளை ஞாயிறுக்கு மறுநாள் செமிசி நேரில் வந்து, புத்தகத்தில் எழுதிய அத்தனையையும் ஊர் மைதானத்தில் பேய்வீட்டு ஆட்டமாக ஆடிக் காட்ட வேண்டும். அப்போதுதான் அதைச் சொன்னது நீ இல்லை, பேய் என்று ஆகும். தன் குறட்டையைச் சரியாக ஆடிக் காட்டாவிட்டால் மறுபடி முறையிடுவேன் என்கிறார் ஸவேலியோ. புத்தகத்தில் இடம் கிடைக்காத இரண்டு தலைவர்கள் உன் அப்பாவைத் தனியாகப் பிடித்து, ஆட்டத்திலாவது தங்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்களாம்.

அதிகம் மிதக்காதே. கல்லூரி விஷயம் முடிந்துவிடவில்லை. சபை கலைந்து நடக்கும்போதே உன் அப்பா, “பாதியில விட்டுட்டு ஓடினவன் ஓடினவன்தான்” என்று மெலேயிடம் சொல்லிக்கொண்டு போனார். வந்த அன்றே அதற்குத் திட்டு விழும். எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பிறர் வீட்டு ஜெபத்தைக் கேட்டு எழுதுவது முறையில்லை. ஆனால் அந்தி ஜெபத்துக்குச் சங்கு ஊதி ஊரே அடங்கிவிட்ட பிறகு எந்த வீட்டுக் குரலும் எந்த வீட்டுக்கும் கேட்கத்தான் செய்கிறது. உன் அப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பெயர் சொல்லி வேண்டுவார். மெல்போர்னில் இருக்கிற உன் அக்காவின் பெயரோடு நிறுத்திவிடுவார். நீ போன நாளிலிருந்து அப்படித்தான். எங்கள் வீட்டில் அந்த இடம் வரும்போது அம்மா தலையைக் குனிந்துகொள்வார். நேற்று உன் அப்பா அக்காவின் பெயரைச் சொன்னார். நிறுத்தினார். கனைத்தார்.

“ஆக்லாந்துல இருக்கற செமிசியையும் காப்பாத்தும் ஆண்டவரே. அவனுக்கு நல்ல ஞாபகசக்தியைக் கொடும், தப்புத் தப்பா எழுதறான்.”

ஆமென் என்ற குரல் உங்கள் வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை, செமிசி. எங்கள் வீட்டிலிருந்து வந்தது, பெனி வீட்டிலிருந்து வந்தது, தெருவின் அந்தக் கோடியில் சுலியா அத்தையின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

டிக்கெட் எடு. கப்பல் துறையில் பெனி பஸ்ஸோடு நிற்பார். கதவை இப்போது கம்பியால் கட்டியிருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு தூணோரமாக உட்கார்ந்துவிடாதே. அவர் எதிரே உட்கார். நிமிர்ந்து ஒரு தடவை அவர் முகத்தைப் பார். அதற்கப்புறம் நடப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நானும் அங்கேதான் இருப்பேன்.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும். சீக்கிரம் வா.

உன் வரவை எதிர்பார்க்கும்,
லாங்கி