அமைச்சர் வராத தகனம்

ஜனவரி 9
கம்ரோன் போக்குவரத்துத் துணை அமைச்சராகிவிட்டார். ஜோசியர் குறித்த நிமிடத்தில் அமைச்சகத்துக்குள் நுழைந்தாராம். இங்கே எங்கள் தொகுதியான பிச்சித்தில், பள்ளியில் என் மாணவர்கள் கைதட்டினார்கள். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு 'அமைச்சர் மனைவி' என்று புதுப்பெயர்.

பிப்ரவரி 2
பிரயூனின் அம்மா இறந்துவிட்டார். எங்களுக்கு ஓட்டுச் சேர்ப்பவர் பிரயூன்; ஆற்றங்கரை ஊர்கள் அவர் பேச்சைத்தான் கேட்கும். அவை இல்லாமல் கம்ரோன் ஒருமுறையும் ஜெயித்ததில்லை.
"உடம்பு கோயில்லயே இருக்கட்டும் அண்ணி. அண்ணன் வந்து தீ வெச்சாத்தான் அம்மா போவாங்க."
நியாயம்தான். உடலைப் பெட்டியில் வைத்து, தகனத்துக்கு வாரக்கணக்கில் காத்திருப்பது இங்கே வழக்கம்தான். தொகுதியில் எந்தச் சாவையும் கம்ரோன் விட்டதில்லை. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே வாங்கிய பதவி இது.

பிப்ரவரி 20
தகனம் தள்ளிவைப்பு. அவருக்கு வெளிநாட்டுப் பயணம்.

மார்ச் 8
மறுபடியும் தள்ளிவைப்பு! போனில் கேட்டேன்.
"அன்னிக்குத் தலைவர் பொறந்தநாள். நான் போகலன்னா அடுத்த மந்திரிசபை மாற்றத்துல என்னைத் தூக்கிருவாங்க. பிரயூன் நம்மாளு, புரிஞ்சுக்குவான்."
"அதை நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க."
"நீ சொன்னாத்தான் மரியாதையா இருக்கும்."
சொன்னேன். அடுத்த தேதிக்குக் கட்டாயம் வருவார் என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன்? வரமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியுமே.

மார்ச் 29
தகனம் முடிந்தது. நான் மட்டும் போனேன். கூடவே அவர் பெயர் போட்ட மலர்வளையம், ஆள் உயரத்துக்கு.
கஞ்சி ஊற்றும் இடத்தில் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.
"அமைச்சர் எங்கடி?"
"அதோ, பூவா வந்து நிக்கிறாரே!"
என்னைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கிண்ணத்தை நீட்டினார்கள்.
நிச்சாவும் வந்திருந்தாள். அடுத்த தேர்தலில் கம்ரோனை எதிர்த்து நிற்கப்போகிறவள். பிக்குகள் ஓதிய எல்லா நாளும் வந்தாளாம். தீ வைப்பதன் அடையாளமாகச் சிதையில் முதல் சந்தனப் பூவை வைக்க பிரயூன் அவளைத்தான் அழைத்தார். பிறகு என்னிடம் வந்து கைகூப்பினார்.
"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. அம்மா ரொம்ப நாள் காத்திருந்துட்டாங்க."
கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 18
நாடாளுமன்றம் கலைந்தது. பிரயூன் போனை எடுக்கவில்லை.

ஜூன் 14
ஆற்றங்கரை ஊர்கள் மொத்தமும் நிச்சாவுக்கு. கம்ரோன் தோற்றுவிட்டார். பிரயூனை "துரோகி" என்று ஒருமுறை சொன்னார்.

ஜூலை 3
சைக்கிள் கடைக்காரரின் தகனம். கம்ரோன் தானாகவே கிளம்பினார், நானும் போனேன். பின்வரிசையில்தான் இடம் இருந்தது. சந்தனப் பூ வைக்கப் பெரிய மனிதர்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொருவராக அழைத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் அவர் கை கறுப்புச் சட்டையின் பொத்தானைச் சரிசெய்தது.
கடைசிப் பெயரும் வேறு யாருடையதோ; அதுவரை நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.