சேவல் போட்ட முட்டை

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

இன்று மாதா கோயில் திருவிழா நாடகத்தில் என் வீட்டுக்காரர் யேசுதாஸ் சேவல் வேஷம் கட்டி, மேடையில் முட்டை போட்டார். ராயபுரமே சிரித்தது. நானும்தான்.

ஹார்பரில் கிரேன் ஓட்டிய மனிதர். வலது கையில் மூன்று விரல் போனதிலிருந்து நாலு வருடமாக வீட்டோடு இருக்கிறார். நான் காசிமேட்டில் கருவாட்டு மண்டி நடத்துகிறேன். அவர் உலை வைக்கிறார். வெளியே தலை காட்டாதவர், இந்த வேஷத்தைத் தானே கேட்டு வாங்கினார். மிச்சமிருக்கும் ரெண்டு விரலில் அவித்த முட்டையைப் பிடித்து, வாலுக்கடியில் சரியாக நழுவவிட, பத்து நாள் அடுப்படியில் பழகினார்.

முட்டை விழுந்ததும் பிள்ளைகள் கத்தின. அவர் முகத்தைப் பார்க்கணுமே! கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. பிறகு, சந்தைக்குப் போயிருந்த பெட்டைக்கோழி — சேலை கட்டிய நாடகக்காரன் பிராங்கிளின் — கூடையோடு வந்தான்.

"குந்திகினு கீறது போதும்! எந்திரிச்சி உலை வையி!"

பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

12 ஆகஸ்ட்

அவர் உலை வைத்தார். எனக்குப் போடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

13 ஆகஸ்ட்

எழுதிவிடுகிறேன். அந்த வசனம் என்னுடையது.

நாடகம் போடும் பிராங்கிளின் போன மாதம் மண்டிக்கு வந்தான். "சேவ முட்ட போட்டா பசங்க சிரிக்கும்க்கா. பெருசுங்க சிரிக்க இன்னா பண்றது?" பெட்டை சந்தைக்குப் போய்வந்து அதட்டட்டும் என்றேன். வசனமும் நானே கொடுத்தேன். யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, நாலு வருடமாக வீட்டில் தினம் சொல்வதுதானே.

சேவல் யாரென்று அப்போது முடிவாகவில்லை. முடிவான பிறகு மாற்றச் சொன்னேனா? இல்லை. "ஒத்திகைல சொல்லாதடா, புதுசா வுழுந்தாத்தான் சிரிப்பு" என்றேன். அதுவும் நான்தான்.

17 ஆகஸ்ட்

மண்டியிலிருந்து வந்தேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. அவரும் இல்லை.

"நைனா பெட்டி எத்துகினு போய்ட்ச்சி" என்றாள் மகள் ஜெனி.

"என்னான்ட இன்னா சொல்லச் சொல்லிச்சி?"

"ஒண்ணியும் சொல்லச் சொல்லல."

சேவல் வேஷத்தின் சிவப்புக் கொண்டை மட்டும் ஆணியில் தொங்குகிறது. எடுக்க மனசு வரவில்லை.

2 செப்டம்பர்

மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேனாம். அங்கேயே தங்கல். விசாரித்துச் சொன்னவன் பிராங்கிளின். போனில் அழுதான். "அண்ணன் தாங்குமான்னு உனக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா." எனக்குத் தெரியாமல் என்ன.

8 செப்டம்பர், ஞாயிறு

போனேன். கேட்டில் நிற்கவைத்தே பேசினார்.

"வூட்டுக்கு வாய்யா. தப்பு என்னுது."

"ஜனம் சிரிச்சதுல தப்பில்ல பாக்கியம். சிரிக்கத்தானே வேஷம் கட்னேன். நீ தெனம் சொல்றத அவன் வாய்ல கேட்டேன் பாரு, அப்பத்தான் தெரிஞ்சிச்சி நான் வூட்ல இன்னாவா கீறேன்னு."

எனக்குப் பேரம்தான் தெரியும், பேசினேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருக்கக் கேட்டேன். ரெண்டுக்கு இறங்கினேன். அவர் அசையவில்லை.

முடிந்தது இதுதான்: ஞாயிறு பூசை முடிந்து வருவார். உலை நான் வைக்கணும். சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். சம்பளத்தில் பாதியை ஜெனி கையில் தருவார், என் கையில் இல்லை.