ஆடி போகட்டும் என்று பூட்டிய படிவம்

ஆடி 26, வெள்ளி

அரிசிம்பருப்புச் சாதத்தை அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன். ஆறிவிட்டால் சுட வைத்துக்கொள்ளுங்கள்.

ஜும்மா தொழுகை முடிந்ததும் நஸ்ருதீன் வருவார். நமக்கு விற்ற பங்குகளின் டிவிடெண்ட் அவர் பெயருக்கே வந்துவிட்டதால், தாமாகவே அதைக் கொண்டுவருகிறார். "பாத்தியா, பாய் நம்மள ஏமாத்திப்போட்டான்!" என்று நேற்று நீங்கள் கத்தியது பக்கத்து பனியன் கம்பெனிவரை கேட்டது. பங்கு வெளியிட்ட கம்பெனியின் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் டிவிடெண்ட் வரும். ஆனியிலேயே வாங்கிவிட்டு, "ஆடி போகட்டும்" என்று பெயர்மாற்றப் படிவத்தைப் பீரோவில் பூட்டியவர் நீங்கள்.

அவருக்குக் காபி கொடுங்கள்.

ஒரு பங்குக்கு ஒன்றாகத் தரப்போகும் போனஸ் பங்குகளும் இப்படித்தான். வரும் புதன்கிழமைக்குள் நம் பெயர் ஏறாவிட்டால் அவையும் அவருக்கே போகும். புதனும் ஆடிதான். அவற்றையும் அவரே கொண்டுவந்து தரட்டும் என்று காத்திருக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கமலாம்பாள்

பி.கு.: பீரோ சாவியைத் தேட வேண்டாம், படிவம் என் பையில் இருக்கிறது. பள்ளி இடைவேளையில், பத்தரை மணிக்கு, பதிவுத் தபாலில் சேர்த்துவிடுவேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இராகு காலம் தொடங்கும் என்பது எனக்கும் தெரியும்.