வண்டிக்குக் கட்டிய பனியன் துணி

திருப்பூர்
2.11.2006

அன்பு மகன் தரணீதரனுக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் சுகம், டாக்காவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், இந்த வீட்டில் சுகமில்லாதது நீ விட்டுப்போன பைக் ஒன்றுதான். போனில் என்னைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தானே கேட்பாய், அதனால் அதையே முதலில் எழுதிவிட்டேன். போனில் சொல்லலாமென்றால் உங்கப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.

பத்து நாளாகத் தூறல் கண்ணு. காலையில் உதைத்தால் வண்டி நாலு இருமல் இருமி நின்றுவிடுகிறது, ஒர்க்‌ஷாப் ஆத்தப்பனிடம் தள்ளிக்கொண்டு போனால் அங்கே ஒரே உதையில் கிளம்புகிறதாம். ஏனுங்க மாமா, வண்டி நல்லாத்தானுங்க இருக்குது, உங்க ஊட்லதான் கோளாறு என்று சிரித்தானாம். எனக்குக் கால் வீங்கி நாலு நாள், கேட்க ஆளில்லை, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே கம்பெனிக்குப் போகிறேன், இவரானால் அதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சக்களத்தி வந்திருந்தால் ஒருவேளை சோறாவது பொங்கியிருப்பாள், இவள் பெட்ரோல்தான் குடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உடுமலையில் என் அண்ணன் மகள் மோனிஷா கல்யாணம், வண்டி சரியாகாவிட்டால் நீ மட்டும் பஸ்ஸில் போ என்கிறார். அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் நான் தனியாகப் போய் நிற்பதா? எனக்கு வயிறு எரியாதா?

நேற்று அவர் குளிக்கப் போனதும், அவளுக்கு ஒரு உதை விடலாமென்றுதான் கிட்டே போனேன். பார்த்தால் ஸ்பார்க் பிளக் மூடியைச் சுற்றி மூன்று சுற்றுப் பனியன் துணி. ஈரம் படக்கூடாதென்று கட்டியிருக்கிறார், ஆத்தப்பன் கேலி செய்வானென்று அவிழ்த்துவிட்டுத்தான் கடைக்குத் தள்ளியிருக்கிறார், அங்கே போவதற்குள் ஈரம் உலர்ந்துவிடும். தூறலுக்குத் தலையில் கட்ட அவர் கம்பெனியிலிருந்து ஒரு துண்டுத் துணி கேட்டேன், துணியை வெளியே விட மாட்டார்கள் என்று சொன்ன மனுஷன் அவர்! பனியன் கம்பெனி செக்கிங்கில் பதினைந்து வருடம் துணி தொட்ட கை கண்ணு இது, பனியன் துணி தண்ணீரைக் குடித்தால் லேசில் விடாது. பிழிந்தேன், சொட்டியது. மூடியையும் ஒயரையும் உலர்ந்த துணியால் துடைத்து மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுப்படிக்கு வந்துவிட்டேன். அவர் வந்து உதைத்தார், ஒரே உதை. டேங்கைத் தட்டிக்கொடுத்து, என்ற தங்கம், என்ற சாமி என்கிறார். என்னை அப்படிச் சொல்லி எத்தனை வருடமோ.

நான் சொன்னால் கேட்க மாட்டார். துணி கட்டாதீங்க, நிறுத்தி வைக்கும்போது பனியன் போடும் பாலிதீன் கவரை மாட்டுங்க என்று நீயாகவே சொல்வதுபோல் போனில் சொல்லிவிடு. ஆனால் முதலில் என் காலைக் கேட்டுவிட்டு அப்புறம் வண்டிக்கு வா. ஞாயிற்றுக்கிழமை பின்னால் ஏறி உட்கார்ந்து, அந்தத் தங்கமும் சாமியும் என்னைத்தான் சொன்னாரென்று நினைத்துக்கொண்டே உடுமலை வரைக்கும் போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, கருப்பராயன் உனக்குத் துணையிருப்பான்.

உன் அம்மா,
சாரதாமணி

அந்தத் துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். இனி அது என் தலைக்கு.