எனக்காகவும் நீங்கள் அழுத சனிக்கிழமை

அக்கா,

அடுப்பில் கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் கொதிக்கின்றன. குசினி முழுக்க அந்த மணம். உங்களுக்கு இது பிடிக்காது. வருத்தக்காரர் வீட்டு மணம் என்று மூக்கைச் சுளிப்பீர்கள். ஆனால் அந்த ஒரு மாதம் முழுக்க, ஒவ்வொரு காலையும் அதை அவித்து எடுத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் காவல் நின்றவரும் நீங்கள்தான். இன்றைக்கு நானே அவித்து நானே குடிக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது. சும்மா கட்டு இல்லை, ஒரு சொல் வெளியில் வராது. கொஞ்ச நாளைக்கு வாயே திறக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பாட்டும் நாடகமும் படிப்பிக்கிறவளுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா? கதைக்க முடியாதவள் வேறு என்ன செய்வாள், எழுதுகிறேன். தொண்டை எப்படிப் போனது என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் ஏசுவீர்கள்.

அந்த வார இறுதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் மறக்கவே மாட்டேன்.

உயர்தரப் படிப்பை முடித்துவிட்டு, பாடி நடிக்கிற இசை நாடகத்தைத்தான் படிப்பேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்ற வருடம் அது. மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தேன். யாழ்ப்பாணத்தில் ஒன்று, திருகோணமலையில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று. மூன்று இடத்திலும் நேரில் போய்ப் பாடி, நடித்துக் காட்ட வேண்டும். வருடத்தில் எத்தனை சனி ஞாயிறு இருக்கிறது, மூன்றும் ஒரே வார இறுதியில்தான் வந்து விழ வேண்டுமா? யாழ்ப்பாணம் சனி காலை. மற்ற இரண்டும் ஞாயிறு காலை. கடிதங்களை வைத்துக்கொண்டு நான் அழாக்குறையாய் இருந்தேன். நீங்கள் அவற்றை என் கையிலிருந்து பிடுங்கினீர்கள்.

புத்தூரிலிருந்து பட்டணத்து மருந்துக் கடைக்கு வேலைக்குப் போய் வந்தவர் நீங்கள். சங்கீதத்தில் ச எது ப எது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அது முடிந்தது என்று அர்த்தம். மட்டக்களப்புக் கிளாக்கருக்கு அடுத்தடுத்து போன் எடுத்தீர்கள். அவர் முதலில் முடியாது என்றார், பிறகு பார்க்கலாம் என்றார். நீங்கள் விடுவதாயில்லை. என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை என்றே கதைத்தீர்கள். அப்போது உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை. கடைசியில் அந்த மனிதர், "அம்மா, உங்கடை பிள்ளையை ஞாயிறு பின்னேரம் கூப்பிடுறம், போனை வையுங்கோ" என்று கும்பிடாத குறையாய்ச் சொன்னாராம். அன்று பின்னேரம் முழுக்க அவரைப்போல் கதைத்துக் காட்டிச் சிரித்தீர்கள்.

பஸ்களையும் நீங்கள்தான் பொருத்தினீர்கள். சனி காலை யாழ்ப்பாணம், சனி இரவுப் பஸ்ஸில் திருகோணமலை, அங்கே பாடிவிட்டு அப்படியே மட்டக்களப்பு. அதோடு விடவில்லை, என் குரலுக்கும் கணக்குப் போட்டீர்கள். முதலாவது இடத்தில் உச்சத்தில் கத்தாதே, அடுத்ததுக்கு மிச்சம் வை என்றீர்கள். குரல் என்ன தோசைமாவா மிச்சம் வைக்க என்று நான் கேட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. அந்த மாதத்தில் என்னை ஐஸ் தண்ணீர் குடிக்க விடவில்லை, வெயிலில் நிற்க விடவில்லை, அம்மாவோடு சண்டை பிடிக்கக்கூட விடவில்லை. கத்துவேனாம், தொண்டை போய்விடுமாம்.

வெள்ளிக்கிழமை காலை பெரியப்பா தோட்டத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமுன்னமே முடிந்துவிட்டது.

உங்கள் அப்பாதான் எனக்கு முதல் ரசிகர். உங்களுக்கும் தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றடியில் நின்று நான் சாதகம் பண்ணும்போது, வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினை நிறுத்திவிடுவார். பாத்திகள் காயும். நான் முடித்த பிறகுதான் மறுபடியும் மிசின் ஓடும். பாட்டு நல்லது கூடாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நிறுத்துவார், கேட்பார், பிறகு ஓட்டுவார்.

செத்தவீட்டைச் சனிக்கிழமை மத்தியானத்துக்கு வைத்தார்கள். உங்கள் அண்ணை கனடாவில், வந்து சேர முடியாது. உங்கள் அம்மா எப்போதோ போய்விட்டார். அப்பாவின் தலைமாட்டில் நீங்கள் தனியாக இருந்தீர்கள். தேர்வைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அது போய்விட்டது என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன். இடமும் போய்விட்டது, பெரியப்பாவும் போய்விட்டார். எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் சுவரோடு சாய்ந்து நின்றேன்.

நீங்கள்தான் எழும்பி வந்தீர்கள். தலை விரிந்து கிடந்தது, முகம் வீங்கியிருந்தது. எல்லோருக்கும் முன்னால் என் அப்பாவிடம், நாளைக்குக் காலமை அவளை ஆர் கூட்டிக்கொண்டு போறது என்று கேட்டீர்கள். அப்பா திகைத்துப் போனார். துடக்கு வீடு, சவம் நடுவீட்டில் கிடக்கிறது, பிள்ளை பாட்டுப் பாடப் போவதா என்றார். தேர்வு மண்டபம் கோயில் இல்லை, அங்கே துடக்குப் பார்க்க மாட்டார்கள் என்றீர்கள். நாலு சனம் கதைக்கும் என்று அப்பா இழுத்தார்.

"சித்தப்பா, செத்தது என்ரை அப்பா. அவள் போறதிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கில்லாத குறை சனத்துக்கு என்ன? கதைக்கிறவையை என்னட்டை வந்து கதைக்கச் சொல்லுங்கோ."

அப்பா மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

ஆனால் போக அனுமதி கிடைத்தது பெரிய காரியமில்லை. குரல் இருக்க வேண்டுமே. எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் பெண்கள் எப்படி அழுவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? ஒவ்வொரு சொந்தமும் வாசல் படலையடிக்கு வர வர, கட்டிப்பிடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தி அழ வேண்டும். ஒரு நாள் அழுதால் ஒரு கிழமைக்குப் பேச்சு வராது. உரும்பிராய் மாமி வந்து என்னைக் கட்டிப்பிடித்ததும் எனக்கு நெஞ்சு வெடித்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்துவிட்டேன். எங்கிருந்து வந்தீர்களோ தெரியாது, என் தாடையை இறுக்கிப் பிடித்தீர்கள். நோகத்தான் பிடித்தீர்கள்.

"வாயைத் திறவாதை. உன்ரை பங்கையும் நான் அழுறன்."

அழுதீர்கள் அக்கா. சொன்னதைச் செய்தீர்கள். உங்கள் அப்பாவைக் கூப்பிட்டு உங்களுக்காக அழுதுவிட்டு, "எங்கடை பாட்டுக்காறி கிணத்தடியிலை நிக்கிறாளே அப்பா, இனி ஆர் அவளுக்கு மிசினை நிப்பாட்டுவினம்" என்று எனக்காகவும் அழுதீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். பெரியப்பனின் தோளில் வளர்ந்தவள், உவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருகிறதா பார் என்று பின்னால் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. யார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவருடைய வீட்டில் நான் தேத்தண்ணீர் குடிப்பதில்லை.

சனி காலை அப்பா மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனார். மண்டப வாசலில் இறக்கிவிட்டு, "நல்லாப் பாடு. இல்லாட்டி உன்ரை அக்காவின்ரை முகத்திலை முழிக்க ஏலாது" என்றார். பாடினேன். நன்றாகத்தான் பாடினேன். சவப்பெட்டி மூடுமுன் வந்து சேர்ந்துவிட்டோம். அந்த அழுகைக்கு நடுவிலும் நீங்கள் என்னைத் தேடி, எப்படி என்று புருவத்தால் கேட்டீர்கள். தலையாட்டினேன். திரும்பிப் பெட்டியில் விழுந்து அழுதீர்கள்.

அண்ணை இல்லாததால் என் அப்பாதான் கொள்ளி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காடாத்து, அவர் சாம்பல் எடுக்கச் சுடலைக்குப் போயே ஆக வேண்டும். அப்படியென்றால் என்னோடு யார் வருவது? அம்மா. பெற்ற தாய் இல்லாத உங்களுக்கு அந்த வீட்டில் தாயாய் இருந்த ஒரே ஆள் என் அம்மா. அவரையும் என்னோடு அனுப்பிவிட்டு, தகப்பன் எரிந்த அடுத்த நாள் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தீர்கள். பஸ்ஸில் அம்மா அதையே சொல்லிச் சொல்லி வந்தார். அந்தப் பிள்ளையை விட்டிட்டு வந்திட்டனே என்றார். எனக்கு அப்போது உங்கள் மேல் கோபமாகக்கூட இருந்தது. இப்படி ஒருத்தி எல்லாவற்றையும் தந்தால் எப்படித் தோற்றுப்போய்த் திரும்பி வருவது?

திருகோணமலையில் சொதப்பினேன். இரண்டு நாள் நித்திரை இல்லை, சுருதி இறங்கிக்கொண்டே போனது. அவர்கள் பாதியிலேயே போதும் என்றார்கள். மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். தேர்வு மேசையின் நடுவில் இருந்தவர் நான் தயார் செய்த பாட்டைக் கேட்கவே இல்லை. தகப்பனைப் பறிகொடுத்த ஒரு மகளின் புலம்பலை, உன் சொந்தச் சொல்லில் பாடி நடித்துக் காட்டு என்றார்.

அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எல்லோரிடமும் கேட்டதைத்தான் என்னிடமும் கேட்டார்.

நான் நிலத்தில் இருந்தேன், நீங்கள் இருந்தது மாதிரி. மிசினை யார் நிறுத்துவார்கள் என்று தொடங்கினேன். எந்த இராகத்திலும் அது அடங்கவில்லை. ஆர்மோனியக்காரர் என்னைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். உங்கள் மூச்சு, உங்கள் விக்கல், சொல் உடைந்து நிற்கிற இடம் எல்லாம் அப்படியே வந்தது. என் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வாசலில் நின்ற அம்மாதான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். இதை எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். வீட்டில் என்றேன்.

இடம் கிடைத்தது அங்கேதான். கடிதம் வந்த அன்று என்ன பாடினேன் என்று முதல்முறையாகக் கேட்டீர்கள். உங்கள் அழுகையைத்தான் பாடினேன் என்றேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, நீங்கள் மனம் நோவீர்களோ என்று. "சுருதி சேந்ததோ" என்று கேட்டீர்கள். சேரவில்லை, அதுதான் நன்றாக இருந்தது என்றேன். "அப்ப அரைவாசி இடம் எனக்கு" என்றீர்கள். அதற்குப் பிறகு எத்தனை வருடம், போன் எடுத்தாலே, எங்கடை படிப்பு எப்படிப் போகிறது என்றுதான் தொடங்குவீர்கள். நான் பட்டம் வாங்கிய படத்தை உங்கள் வீட்டு ஹோலில்தான் மாட்டினீர்கள். அத்தானிடம், இது என்ரை பட்டம் என்று சொல்லிக் கல்யாணமான புதிதிலேயே அவரைக் குழப்பிவிட்டீர்கள்.

இப்போது ஆள் எடுக்கிற மேசைக்கு அந்தப் பக்கம் நான் இருக்கிறேன். நேரம் போடுகிறவளும் நான்தான். முதல் வருடமே ஒரு வேலை செய்தேன். தேர்வு நாட்களுக்குப் பிறகு ஒரு நாளை வெறுமையாக விட்டேன். அதில் யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை. இது எதற்கு என்று மற்ற ஆசிரியர்கள் கேட்டார்கள். செத்தவீட்டுக்காரருக்கு என்றேன். பகிடி என்று நினைத்தார்கள். பருத்தித்துறைப் பிள்ளை ஒன்று, மாமா கடலில் இறந்த கிழமை, டீச்சர் நான் வரவில்லை என்று அழுதபோது, நீ அழுது முடித்துவிட்டு அடுத்த கிழமை வா என்று சொன்னேன். வந்தாள். கரகரத்த குரலில் பாடினாள். எடுத்தோம். உங்களிடம் சொன்னபோது, உது நல்ல வேலை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, கோழிக்கறிக்கு உப்புப் போட்டேனா என்று உங்களையே கேட்டுக்கொண்டீர்கள்.

இந்த வருடம் மூன்று கல்லூரிகள் சேர்ந்து ஒரு இசை நாடகம் போடுகின்றன. மூன்றுக்கும் ஒரே வார இறுதியில் தேர்வு. நான் நேரம் போட்டு முடித்த அடுத்த நாள், மாதக்கணக்காய் நீங்கள் போராடிய நோய் உங்களை வென்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வீட்டுக்குக் கொண்டுவரும்போதே கல்லூரி அதிபர் போன் எடுத்தார். நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் கேட்டார், சனி காலை ஒரு கொஞ்ச நேரம் வந்து போகலாமா என்று. அத்தானும் பக்கத்தில் நின்று, போறதெண்டால் போயிட்டு வா, நாங்கள் பாப்பம், அவவும் அதைத்தான் சொல்லுவா என்றார். ஓம், நீங்கள் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். தாடையையும் பிடித்திருப்பீர்கள்.

நான் போகவில்லை. எல்லோரையும் அந்த வெறும் நாளுக்கு மாற்றுங்கள் என்று அதிபரிடம் சொன்னேன். என்ரை அக்கா செத்துப்போனா, நான் அழவேணும் என்றேன். இந்த முறை யாரும் எனக்காக அழத் தேவையில்லை. குரல் திரும்பி வந்தால் வரட்டும். வராவிட்டாலும் தேர்வு எடுக்க எனக்குக் காது இருக்கிறது.

உங்கள் காலடியில் இருந்து அழுதேன் அக்கா. வந்த ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து, அடிவயிற்றிலிருந்து, அக்கா அக்கா என்று அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே வேறொரு சொல் வாயில் வந்துவிட்டது. பெரியப்பா என்று கத்தினேன். நிறுத்த முடியவில்லை. பெரியப்பா, பெரியப்பா என்றே வந்தது. இவ ஆருக்கு அழுகிறா என்று சனம் ஒன்றையொன்று பார்த்தது. அத்தான் வந்து தோளைப் பிடித்தார்.

என் பங்கையும் நீங்கள் அன்றே அழுது முடித்துவிட்டீர்கள் என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். என் பங்கு அப்படியே என்னிடம்தான் இருந்திருக்கிறது, அக்கா.